பட்டியலில் யார் முகம்? முகமறி கேமராக்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிசிடிவி கேமரா எல்லாமே ஆளை அடையாளம் கண்டுவிடுமா?

பதில்: இல்லை. பெரும்பாலான கேமராக்கள் படம்பிடித்துச் சேமிப்பதோடு சரி. ஆளை அறியும் வேலை பெரும்பாலும் சர்வரில் ஓடும் மென்பொருளுடையது. ஆகவே கம்பத்தில் தொங்கும் கேமராவைப் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது. பழைய பதிவைக்கூடப் பின்னாளில் அந்த மென்பொருளுக்குக் கொடுக்கலாம். அது படத்திலுள்ள முகத்தைப் பிரித்தெடுத்து, நேராக்கி, எண்களின் வரிசையாக மாற்றுகிறது. 128 அல்லது 512 எண்கள் வழக்கம். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு மதிப்பெண் வரும். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் ‘இவர்தான்’ என்று கொள்வது என்ற வரம்பை மனிதர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள். அதைத் தளர்த்தினால் அப்பாவிகள் சிக்குவார்கள். இறுக்கினால் தேடப்படுபவர் நழுவுவார்.

கேள்வி: 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்கிறார்களே, பிறகு எப்படித் தவறான ஆள் மாட்டுகிறார்?

பதில்: சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உங்கள் போன் உங்கள் முகத்தை உங்களோடு மட்டும் ஒப்பிடுகிறது. தெருக் கேமராவோ கடந்துபோகும் ஒவ்வொருவரையும், தேடப்படுபவர்களின் முகங்கள் கொண்ட ஒரு பட்டியல் முழுவதோடும் ஒப்பிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள், ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறான எச்சரிக்கை வருகிறது, கூட்டத்தில் உண்மையாகவே தேடப்படுபவர்கள் 10 பேர், அத்தனை பேரும் சிக்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எச்சரிக்கை 110. அதில் 100 பேர் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். பட்டியல் நீள நீளத் தவறும் கூடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2017-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது சவுத் வேல்ஸ் போலீசாருக்கு வந்த 2,470 எச்சரிக்கைகளில் 2,297 தவறானவை. தவறு எல்லோர் மீதும் சமமாக விழுவதுமில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, கறுப்பின முகங்களை வேறொருவராகத் தவறாக எண்ணுவது, வெள்ளையர் முகங்களோடு ஒப்பிட்டால் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

இன்னொரு கோளாறு விசாரணையில் நேர்கிறது. மங்கலான படத்தைக் கொடுத்தால் மென்பொருள் ‘தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்ளாமல், சாயல் உள்ளவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும்படியே பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். அதிலுள்ள ஒருவரின் படத்தைச் சாட்சியிடம் காட்டினால், அவரும் அதையே சுட்டிக்காட்ட வாய்ப்பு அதிகம். மென்பொருள் பொறுக்கியெடுத்ததே அச்சாயலுக்காகத்தானே! இயந்திரம் செய்த அதே தவறு சாட்சியமாகக் கோப்பில் ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2020 ஜனவரியில் ஒருவர், செய்யாத கடைத் திருட்டுக்காகக் குடும்பத்தார் கண்ணெதிரே கைதானது இப்படித்தான். அந்த வழக்கில் 2024-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முகமறி முடிவை மட்டும் வைத்தோ, அதைத் தொடர்ந்து நேரடியாக நடத்தும் பட அடையாள அணிவகுப்பை (சாட்சியிடம் பலரின் படங்களைக் காட்டி ஆளைச் சுட்டச் சொல்வது) மட்டும் சேர்த்தோ, அந்நகரப் போலீஸ் யாரையும் கைது செய்யக் கூடாது. எல்லா நாடுகளிலும் இருக்கவேண்டிய விதி இது.

கேள்வி: தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?

பதில்: தவறில்லாமல் வேலைசெய்யும் கருவியைக் கண்டும் பயப்படக் காரணம் இருக்கிறது. மாஸ்கோ மெட்ரோவில் 2019-ல் ஒருவர் தனியாளாக, ஓர் அட்டைப் பொம்மையை ஏந்தி அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார். முகமறி நுட்பத்தின் துணையோடு அவரைத் தேடிப் பிடித்தார்கள். அது அவருடைய தனியுரிமையையும் கருத்துரிமையையும் மீறிய செயல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. காணாமல்போன குழந்தைகளைத் தேட அமைத்த அமைப்பில் ஊர்வலத்துக்கு வந்தவர்களின் படங்களை ஏற்றப் புதிய கேமரா ஒன்றுகூடத் தேவையில்லை. தடுக்கச் சட்டம் இல்லையென்றால் அதிகாரியின் மனம்போலத்தான் நடக்கும்.

கேள்வி: முகக்கவசம், கருப்புக் கண்ணாடி பயன் தருமா?

பதில்: நம்பாதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த பல மென்பொருள்கள் கண்ணையும் புருவத்தையும் வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பயின்றவை. முகத்தை மறைப்பதே குற்றமாகும் நாடுகளும் உண்டு. கூட்டத்தில் எடுத்த படத்தைப் பகிரும் முன் முகங்களின் மேல் அடர்நிறக் கட்டம் வையுங்கள். மங்கலாக்கியதைச் சில நேரம் மீட்டுவிட முடியும். பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், அசல் படம் எடுத்த இடமும் நேரமும் கோப்போடு ஒட்டிக்கொண்டு போகாது.

கேள்வி: நாங்கள் வசிக்கும் பகுதியில் இந்தக் கேமராக்களை நிறுவியிருக்கிறார்கள். என்ன கேட்கலாம்?

பதில்: தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடென்றால் எழுத்துமூலம் கேளுங்கள். கருத்துக் கேட்காமல் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பட்டியலில் யாரைச் சேர்க்கலாம், எந்த இடங்களில் பயன்படுத்தலாம் என்பவை முதல் இரண்டு. 2020-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சவுத் வேல்ஸ் போலீசாரின் பயன்பாட்டைச் சட்டவிரோதம் என்றதற்கு, இவ்விரண்டையும் போலீசாரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது ஒரு முக்கியக் காரணம். அடுத்து மதிப்பெண் வரம்பு எவ்வளவு, பொருந்தாத முகங்களை எத்தனை நேரத்தில் அழிக்கிறார்கள், வேறு எந்தத் துறைக்குத் தருகிறார்கள், மொத்த எச்சரிக்கைகளில் எத்தனை சரியானவை. ‘பாதுகாப்புக் காரணம்’ என்று மறுத்தால், எண்ணிக்கைகளையும் அழிக்கும் விதியையும் மட்டும் தனி மனுவாகக் கேளுங்கள். அவற்றால் எந்த விசாரணையும் கெடாது. மறுப்புக் கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக் காலக்கெடுவைக் கணக்கிட அவற்றிலுள்ள தேதிகள் உதவும்.