அமெரிக்காவோட முதல் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் தானே?

இல்லைங்க, பிராங்க்ளின் பாரிஸ் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அங்க ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், சைலஸ் டீன். கனெக்டிகட்ல ஒரு கொல்லர் வீட்டுப் பையன். நான் ஆடிட் ஆபீஸ்ல இருக்கேன், பில்லு வவுச்சர்னே பொழுது போகுது, அதனாலயோ என்னவோ இவர் கதை மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

1776 மார்ச்ல, பிரிட்டனை எதிர்த்துப் போராடின அமெரிக்கக் காலனிகளோட காங்கிரஸ் சபை இவரை பிரான்ஸுக்கு அனுப்புது. சுதந்திரப் பிரகடனமே வரல, நாடே இல்லாதப்போ தூதர்! வியாபாரி வேஷம், பிரெஞ்சும் சரியா வராது, 25,000 பேருக்குத் துணிமணி துப்பாக்கி, கூட 100 பீரங்கி, எல்லாம் கடனுக்கு வாங்கணும். நாடகம் எழுதுற பூமார்ஷே ஒப்புக்கு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார், பிரான்ஸ் அரசாங்கம் அதுக்குள்ள ரகசியமா பணம் விட்டுச்சு, டீன் சரக்கைக் கப்பல் ஏத்தினார். 1777ல சரடோகா போர்ல அமெரிக்கப் படை ஜெயிச்சதுல அந்த ஆயுதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 19 வயசு பிரெஞ்சுப் பிரபு லஃபாயெட்டை அமெரிக்கப் படையில சேர்த்துவிட்டதும் இவர்தான். அதே வருஷம் ஊர்ல மனைவி செத்துப்போறாங்க, இவர் பாரிஸ்ல.

கூடவே உதவிக்கு இருந்தவர் எட்வர்ட் பான்கிராஃப்ட், டீன்கிட்டயே படிச்ச பழைய மாணவர், ஆனா பிரிட்டிஷ் உளவாளி. செவ்வாய்க்கிழமை ராத்திரி பாரிஸோட துய்லரி தோட்டத்துல ஒரு மரத்தடிப் பொந்துல, கழுத்துல கயிறு கட்டின பாட்டிலைப் போட்டுட்டுப் போவார், உள்ள காதல் கடிதம், வரிகளுக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத மையில பாரிஸ் ரகசியம் மொத்தமும்.

1778 பிப்ரவரி 6 பிரான்ஸோட ஒப்பந்தம், டீனும் கையெழுத்துப் போட்டார். ஆனா அதுக்குள்ள சக தூதர் ஆர்தர் லீ இவர் பணம் சுருட்டுறார்னு எழுதி எழுதி காங்கிரஸ் திரும்பக் கூப்பிட்டுடுச்சு. விவரம் கேக்கத்தான் கூப்பிடுறாங்கன்னு நம்பி கணக்குப் பேப்பரையெல்லாம் பாரிஸ்லயே விட்டுட்டுப் போய்ட்டார், எனக்கு அந்த இடத்தைப் படிக்கறப்போ பதறும். ரகசியமா வாங்கின சரக்குக்கு ரசீது எங்கன்னு மாசக்கணக்குல நிக்க வச்சாங்க.

மனசு வெறுத்து 1781ல, போர்ல ஜெயிக்க முடியாது, பிரிட்டனோட சமாதானமா போயிடலாம்னு எழுதின கடிதங்கள் வெளிய வந்துச்சு, அதுவும் யார்க்டவுன்ல பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச நேரத்துல! துரோகின்னு முத்திரை குத்திட்டாங்க. அந்தக் கடிதங்களை நான் நியாயப்படுத்த மாட்டேன், தப்புதான். ஆனா திருட்டுப் பட்டம் வேற விஷயம்.

கையில காசில்லாம கெண்ட் (இப்போ பெல்ஜியத்துல இருக்கிற ஊர்), லண்டன்னு அலைஞ்சு, 1789ல ஊர் திரும்பக் கப்பல் ஏறினவர் இங்கிலாந்துக் கரை தாண்டறதுக்குள்ள செப்டம்பர் 23 இறந்துட்டார். பான்கிராஃப்ட் விஷம் வச்சிருப்பார்னு பின்னாடி ஒரு வரலாற்றாசிரியர் சொன்னார், நிரூபணம் கிடையாது. அவர் உளவாளிங்கிறதே 1889லதான் ஆவணத்தோட வெளிய வந்துச்சு.

பேத்தி குடும்பம் விடாம மனு போட்டாங்க. 1842ல, அவர் கணக்கைப் பார்த்த பழைய தணிக்கை தப்பு, டீனுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்குன்னு ஒத்துக்கிட்டு காங்கிரஸ் 37,000 டாலர் கொடுத்துச்சு. அவர் செத்து 53 வருஷம் கழிச்சு.