முறுக்கு போடும் எண்ணெயைச் சூடாக்க கீசர் காயிலை மாட்டலாமா?

வீட்டிலேயே முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிறீர்கள், 15 லிட்டர் எண்ணெய் பிடிக்கும் எஸ்எஸ் தொட்டி இருக்கிறது, கேஸ் அடுப்பின் அனல் தாங்கவில்லை, சும்மா கிடக்கும் கீசர் காயிலை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஹீட்டர் பேனல் வயரிங்தான் என் தொழில் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் எத்தனை வாட் என்றுதான் கேட்பார்கள். எண்ணெய்க்குப் பார்க்க வேண்டியது, காயிலின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்பது. 8 மிமீ தடிமனில் 60 செமீ நீளம் சூடாகிற 1500 வாட் ராடுக்கு மேற்பரப்பு சுமார் 150 சதுர செமீ. அதாவது சதுர செமீக்கு 10 வாட். தண்ணீர் அந்தச் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும். எண்ணெய் அப்படி இல்லை, வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் மந்தம். குழாயை ஒட்டிய எண்ணெய் கருகும், கரி படியும், அந்தக் கரி சூட்டை உள்ளேயே அடைக்கும், கடைசியில் காயில் போய்விடும். பலகார எண்ணெய்க்கு சதுர செமீக்கு 4, 5 வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போதாததற்கு கீசர் காயில் பலவும் செம்புக் குழாய். செம்பு பட்டால் எண்ணெயில் சீக்கிரமே சிக்கு வாடை வரும்.

ஒரே மாதிரி இரண்டு 1500 வாட் காயிலை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக் கொடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான்: ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ட், வாட் கால் பங்காகி 375, இரண்டும் சேர்த்து 750. கருகாது. ஆனால் எண்ணெய் காய்வதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாவைப் பிழிந்ததும் சூடு இறங்கிவிடும்.

15 லிட்டர் என்பது ஏறக்குறைய 14 கிலோ. 30 டிகிரியிலிருந்து 180க்குக் கொண்டுபோக சுமார் 1.2 யூனிட் தேவை. 3000 வாட் இருந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். சதுர செமீக்கு 5 வாட் என்றால் 600 சதுர செமீ மேற்பரப்பு வேண்டும். 8 மிமீ குழாயில் சூடாகும் நீளம் 2.4 மீட்டர். ஹீட்டர் செய்து தரும் பட்டறையில் இதை அப்படியே சொல்லி, எஸ்எஸ் 304 குழாயில் வளைத்து வாங்குங்கள். "கடையில் இருப்பதே எண்ணெய்க்கும் ஓடும் சார்" என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். காயில், தொட்டியின் அடியிலிருந்து நாலு செமீ உயரத்தில் நிற்கட்டும். உதிரும் தூள் கீழே சூடு குறைந்த இடத்தில் தங்கும், கருகாது.

வயரிங்கில், 3000 வாட்டுக்கு 13 ஆம்பியர். சமையலறையின் சின்ன பிளக்கில் சொருகவே கூடாது. போர்டிலிருந்து 4 சதுர மிமீ செம்பு வயரில் தனி லைன், 16 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் போனால் இரண்டு வயரையும் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), தொட்டிக்கும் காயிலுக்கும் எர்த். காயில் முனைக்குப் பக்கத்தில் சாதாரண பிவிசி வயர் உருகிவிடும்; அங்கே சிலிகான் வயரும் பீங்கான் கனெக்டரும் போடுங்கள்.

நான் பிடிவாதமாக இருப்பது இரண்டாவது தெர்மோஸ்டாட்டில்தான். கீசர் தெர்மோஸ்டாட் 70 டிகிரி வாக்கிலேயே கட் ஆகும், இங்கே உதவாது. 300 டிகிரி வரை போகும் கேப்பிலரி தெர்மோஸ்டாட் (மெல்லிய குழாயின் நுனி எண்ணெயில் இருந்து சூட்டை அறிவது) ஒன்று 180இல் வேலை செய்யட்டும். தானாகத் திரும்ப ஓடாத, கையால் ரீசெட் செய்கிற கட் அவுட் இன்னொன்று 210இல் இருக்கட்டும். ரீஃபைண்டு எண்ணெய் 230 வாக்கில் புகையத் தொடங்கும். இரண்டுக்கும் தனித்தனி காண்டாக்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கொடுங்கள், ஏனென்றால் ஒன்றின் முனை ஒட்டிக்கொண்டால் மற்றது மின்சாரத்தை நிறுத்தும். காயில் எண்ணெய்க்கு வெளியே தெரிந்தால் சுவிட்சைப் போடவே கூடாது. கழுவிய தொட்டியில் ஈரம் தங்கியிருந்தாலும் அப்படித்தான், அடியில் ஆவியாகி எண்ணெயை வெளியே வீசும். தொட்டியை மூடும் அளவுக்குத் தகரமூடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். தீ பிடித்தால் மெயினை அணைத்துவிட்டு மூடுவதற்கு. தண்ணீர் ஊற்றக் கூடாது.

அப்புறம், புதுக் காயில் போட்டதும் ஆர்சிசிபி விழுந்து மின்சாரம் நின்றால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்திருக்கலாம். கழற்றி ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, மெகரில் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடலாம் என்று எலக்ட்ரீசியன் சொன்னால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.