டாக்டரிடம் கேளுங்கள்: ஜவ்வு விலகினால் ஆபரேஷன்தானா?

"வயது 38. பீடி சுற்றுகிறேன். ஒரு மாதமாக இடது பக்கம் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுக்கிறது. ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு விலகிவிட்டது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது டாக்டர்."
வாசகி, குடியாத்தம்

இந்த வலியோடு ஒரு மாதம் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறீர்கள், படிக்கும்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்4-எல்5 என்றால் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நாலாவது, ஐந்தாவது எலும்புகள், அவற்றுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் ஜவ்வு. ஜவ்வு விலகி எங்கேயும் போய்விடவில்லை அம்மா. அது மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பது, நழுவாது. பூரணக் கொழுக்கட்டை வேகும்போது மேல்மாவில் ஒரு கீறல் விழுந்து அந்த வழியாகப் பூரணம் பிதுங்கி வருமே, அதுதான் உங்கள் இடுப்பில் நடந்திருக்கிறது. ஜவ்வின் வெளிவளையம் கிழிந்து உள்ளே இருக்கிற ஜெல்லி வெளியே வந்திருக்கிறது, அதையொட்டியே காலுக்குப் போகிற நரம்பு இறங்குகிறது. அந்த ஜெல்லி நரம்பை அழுத்துவது மட்டுமில்லை, பட்டாலே நரம்பு வீங்கி ரணமாகும், அதனால்தான் கோளாறு இடுப்பில் இருந்தும் வலி கட்டைவிரலில் தெரிகிறது.

இப்போது நல்ல செய்தி. வெளியே வந்த ஜெல்லியை உடம்பு வேண்டாத பொருளாகப் பார்த்து, ரத்தத்தில் இருக்கிற அணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பெரிதாகப் பிதுங்கி உடைந்து விழுந்த துண்டுதான் சின்னப் பிதுக்கத்தைவிட நன்றாகக் கரைகிறது, ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும். பெரும்பாலானவர்களுக்கு 6 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே வலி நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்கு இன்னும் 4 வாரம்தான் ஆகியிருக்கிறது.

அதுவரை என்ன செய்வது? வலி தாங்கவே முடியாத ஓரிரு நாள் படுங்கள், அதற்கு மேல் படுக்காதீர்கள், படுக்கப் படுக்க இடுப்புத் தசை பலம் போய்விடும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம், பத்து நிமிஷமாக நடங்கள். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வயிறும் கிட்னியும் கெடும். கடுப்பு கொஞ்சம் அடங்கியதும் பிசியோதெரபி ஆரம்பிக்கலாம். அப்புறம் உங்கள் தொழில். தரையில் குனிந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையும் தூளும் நூலுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்தால் ஜவ்வின் மேல் விழுகிற அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். சுவரில் முதுகு சாய்கிற மாதிரி ஒரு ஸ்டூல் போட்டு, முறத்தைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து முற்றம் வரை போய் வாருங்கள். கட்டு குறையும், கூலி குறையும், தெரிகிறது. ஆனால் இந்த இரண்டு மாதம் மட்டும்.

கால் விளங்காமல் போகும் என்கிற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் என்கிற அந்தப் பெரிய நரம்புத்தண்டு இடுப்பின் மேல்பகுதியில், அங்கே இருக்கிற முதல் இரண்டு முதுகெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5 அதற்கும் கீழே, அங்கே தனித்தனி நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. ஆபரேஷன் என்றால் எதிலும் கொஞ்சம் ஆபத்து உண்டுதான், ஆனால் தெருவில் சொல்கிற மாதிரி இல்லை. இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் பயம் வேண்டாம்.

"வயது 52. இடுப்பு மட்டும் வலிக்கிறது, காலுக்கு இறங்கவில்லை. ஸ்கேனில் மூன்று இடத்தில் டிஸ்க் பல்ஜ் என்று போட்டிருக்கிறது. நான் இனி வேலை செய்யலாமா?"
வாசகர், காட்பாடி

தாராளமாகச் செய்யலாம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015இல் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 100க்கு 30 பேருக்கு பல்ஜ், அதாவது ஜவ்வு லேசாகப் புடைத்திருப்பது, இருந்தது, 80 வயதில் 84 பேருக்கு. அவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை! நரை மாதிரித்தான் இதுவும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் வைத்தியம். தினமும் நடங்கள், சிகரெட் இருந்தால் விடுங்கள், ஜவ்வுக்கு அதுவும் ஆகாது.

"அப்பாவுக்கு 61 வயது, தறி நெய்கிறவர். இரண்டு வாரமாக இடுப்பு வலி. இப்போது நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நாலு அடி போய்விடுகிறார். நேற்றிலிருந்து சிறுநீர் முட்டுகிறது, சரியாகப் போகவில்லை. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்."
வாசகர், ஆரணி

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்த அரை மணி நேரத்தில் அவரை போனில் கூப்பிட்டு, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் இங்கே போடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய ஜவ்வுத் துண்டு அந்தக் கொத்தையே நசுக்கினால் சிறுநீர் நிற்கும், இல்லை தெரியாமல் போகும், மலம் அடங்காது, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும், பாதம் தூக்க வராது. இதில் ஒன்று வந்தாலும் எண்ணெய் தேய்ப்பது, உருவிவிடுவது, பெல்ட் போடுவது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, ராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டும். 48 மணி நேரம் தாண்டத் தாண்ட, போன உணர்ச்சி திரும்புகிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அன்று இரவே அந்த அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது. சிறுநீர் இப்போது சரியாகப் போகிறது. பாதம் மட்டும் இன்னும் முழுசாகத் தூக்கவில்லை, பயிற்சி நடக்கிறது. ஒரு வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே பதறுகிறது.

"வயது 44. டேனரியில் ஈரத் தோல் தூக்குகிற வேலை. நான்கு மாதமாகக் கால் வலி, மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா, எப்போது வேலைக்குப் போகலாம்?"
வாசகர், வாணியம்பாடி

செய்துகொள்வதில் தப்பில்லை. நெதர்லாந்தில் கடுமையான கால் வலி இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரம் ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்குப் பொறுத்திருந்து வைத்தியம் என்று பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் இரண்டு பிரிவிலும் 100க்கு 95 பேர் தேறியிருந்தார்கள், ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி சீக்கிரம் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் காத்திருந்த பிரிவிலும் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் அந்த ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். நீங்கள் நாலு மாதம் பொறுத்தாயிற்று, வேலையும் நிற்கிறது. முதுகில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்பார்கள், அது சில வாரம் வலியைக் குறைக்கும், ஜவ்வை ஒன்றும் செய்யாது.

ஆபரேஷனில் முழு ஜவ்வையும் எடுப்பதில்லை. சின்னதாகக் கீறி, மைக்ராஸ்கோப் வைத்து, நரம்பை அழுத்துகிற துண்டை மட்டும் எடுக்கிறார்கள். பெரும்பாலும் மறுநாளே நடக்க விடுவார்கள். கால் வலி சட்டென்று விடும், மரமரப்பு போக மாதக்கணக்காகலாம், அதற்குப் பயப்படாதீர்கள். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடியும் பிதுங்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் சில வாரத்தில் போகலாம், ஈரத் தோலுக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஒரு தோல் எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிந்து தூக்குகிறீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் உங்கள் சர்ஜனிடம் காட்டுங்கள், அதைப் பார்த்துத்தான் அவர் தேதி சொல்ல முடியும்.