மாமியாருக்கு முழங்கால் வலி, மகனுக்கு நான்கு வயது: கொடைக்கானலில் எங்கே போகலாம்?

கேள்வி: மதுரையிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் கொடைக்கானல் போகிறோம். மாமியாருக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 11, மகனுக்கு 4. ஒரே நாளில் 12 இடம் காட்டுவதாக டாக்ஸிக்காரர் சொல்கிறார். எல்லோருக்கும் ஒத்துவருகிற பூங்காக்கள் எவை?

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். 12 இடம் என்றால் 12 முறை வண்டியில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நடையைவிட அதுதான் பெரும்பாடு. மலை ஊரில் ஒரு பூங்கா அழகாக இருக்குமா என்று கேட்பதற்கு முன்னால், அது சமதளமா, சரிவா, படிக்கட்டா என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்கு முதல் நாள் முழுவதற்கும் ஏரியைச் சுற்றியுள்ள இடங்களே போதும்.

காலையில் முதல் வேலையாகக் கோக்கர்ஸ் வாக். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இதை மாலைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். வெயில் ஏற ஏற அடிவாரத்துச் சூடான காற்று ஈரத்தோடு சரிவில் மேலேறும். உயரத்தில் குளிர்ந்ததும் மேகமாகிவிடும். மதியத்துக்குமேல் போனால் பல நாட்களில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது, வெள்ளையாக மூடிக்கொண்டிருக்கும். காலையில் வானம் தெளிவாக இருந்தால் கீழே சமவெளி ஊர்களும் கண்மாய்களும் தெரியும். இரண்டு முனையிலும் சாலை உண்டு. ஒரு முனையில் இறங்கிக்கொண்டு வண்டியை மறுமுனைக்கு அனுப்பிவிடுங்கள். மாமியார் வந்த வழியே திரும்ப நடக்க வேண்டியதில்லை. சின்னவன் கையை மட்டும் விடாதீர்கள்.

அடுத்து பிரையண்ட் பூங்கா, கொஞ்ச தூரம்தான். 1908-இல் எச். டி. பிரையண்ட் என்ற வன அதிகாரி திட்டமிட்டு அமைத்தது, சுமார் 20 ஏக்கர். உங்கள் கேள்விக்கு நேரான விடை இந்தப் பூங்காதான். மெல்லிய சரிவு உண்டு, ஆனால் அவசரமில்லாமல் நடந்தால் மூச்சு வாங்காது. மாமியார் புல்வெளி ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டும், பிள்ளைகள் கண்ணெதிரே ஓடட்டும். மகளைச் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்கும் ரோஜாப் பகுதிக்கும் கூட்டிப்போங்கள். இரண்டு மணி நேரமாவது இங்கே ஒதுக்குங்கள். டாக்ஸிப் பட்டியலில் இதற்கு அரைமணிதான் கிடைக்கும், அதுதான் எனக்கு வருத்தம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூக்கள் அப்போதுதான் அமோகம், கூட்டமும் அப்போதுதான். முதியவரோடு போகிறவர்கள் கண்காட்சி நாட்களைத் தவிர்ப்பதே நல்லது.

சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு ஏரி. 1863-இல் வெரே லெவிஞ்ச் அணைகட்டி உருவாக்கிய இந்த ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை. கொடையில் இவ்வளவு நீளத்துக்குச் சமமான சாலை கிடைப்பது அபூர்வம். மகள் வாடகை சைக்கிள் ஓட்டலாம். படகில் ஏறினால் சின்னவனுக்கு அவன் அளவு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டைச் சுற்றிவிட்டால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும். பொழுது சாய்ந்தால் சாலையிலேயே காட்டுமாடுகள் நடமாடும். சாதுவாக நிற்கிறதே என்று போட்டோ எடுக்கக் கிட்டே போக வேண்டாம்.

செட்டியார் பூங்கா அழகுதான், ஆனால் மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்தது. மாமியாருக்கு ஏற்றதில்லை. பூங்காவுக்குப் பக்கத்திலேயே குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது, அவர் அங்கே போகலாம். தெளிவான நாளில் அங்கிருந்து பழநி மலை தெரியும். குறிஞ்சிப் பூ எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும், 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் என்று சொல்லிவையுங்கள். டால்பின் நோஸ் என்ற பாறை முனை வேண்டவே வேண்டாம். போகும்போது செங்குத்தான இறக்கம், திரும்பும்போது அதே தூரம் ஏற்றம்.

இரண்டாம் நாளுக்கு இரண்டு வழி. மலைப்பாதையில் பிள்ளைகளுக்கு வாந்தி வராது என்றால் பூம்பாறை வழியாக மன்னவனூர் போங்கள். ஒரு வழிக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல், வளைவுகள் அதிகம். ஆனால் பூம்பாறையில் மலைப்பூண்டு விளையும் படிவயல்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டுப் பண்ணை இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாறைக் காட்சியும் ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஈடாகாது. வாந்தி வரும் பிள்ளைகள் என்றால் தூண் பாறை போதும். காலை வெளிச்சத்திலேயே போய்விடுங்கள், அங்கேயும் மேகம் மூடும். கையில் பிஸ்கட் பாக்கெட் தெரிந்தால் குரங்கு பிடுங்கும், பைக்குள் வையுங்கள்.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில். மே மாதமானாலும் ஸ்வெட்டரும் சின்னவனுக்குக் காதுமூடும் குல்லாவும் வேண்டும். மலையேறும்போதும் இறங்கும்போதும் வழியிலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். வண்டியை நிறுத்திப் பாருங்கள், ஆனால் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் விளையாட விட வேண்டாம். ஊருக்கு நடுவே உள்ள ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான் அங்கே விழுகிறது.