பரீட்சை சொன்னது கணக்கு, நான் படித்தது பயோ

கேள்வி: அக்கா, நான் திருகோணமலைப் பக்கம் சல்லி ஊரிலிருந்து எழுதுகிறேன். பயோ (உயிரியல் பிரிவு) படித்து முதல் தடவை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினேன். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் என் இசட் ஸ்கோருக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) விவசாயமோ சித்த மருத்துவமோ கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வைத்த தொழில் நாட்டப் பரீட்சையில் எனக்குப் பொருத்தம் கணக்கியல் என்று வந்துவிட்டது. வீட்டில் அப்பாவின் மீன் கணக்குக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன், அதனால் அது சரியாக இருக்குமோ என்று யோசனை. வணிகப் பிரிவுக்கு மாறித் திரும்ப எழுதட்டுமா? அப்பா உன் விருப்பம் என்கிறார், ஆனால் பயப்படுகிறார்.

பதில்: தங்கச்சி, அந்தத் தாளை நம்பி மாற வேண்டாம். காரணம் நீங்கள் சொன்ன மீன் கணக்குக் கொப்பியிலேயே இருக்கிறது.

இப்படியான பரீட்சைகளில் பல, ஜோன் ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிப்பை வைத்துச் செய்யப்பட்டவை. இது பிடிக்குமா, அது பிடிக்குமா என்று கேட்டு, நீங்கள் போட்ட வட்டங்களைக் கூட்டி உங்களிடமே திருப்பித் தருகின்றன. கணக்குப் பதியப் பிடிக்குமா என்றதும் பாறை மீன் எத்தனை கிலோ, சூரை எத்தனை கிலோ, மண்ணெண்ணெய்க் காசு கழித்து மிச்சம் எவ்வளவு என்று நீங்கள் எழுதும் கொப்பி கண்முன் வந்திருக்கும், உடனே பிடிக்கும் என்று போட்டிருப்பீர்கள். மூலிகைகளை ஆராயப் பிடிக்குமா என்றால்? செய்து பார்க்காத வேலைக்குப் பலரும் பிடிக்கும், பிடிக்காது இரண்டுக்கும் நடுவிலுள்ள வட்டத்தைத்தான் போடுவார்கள். நீங்கள் இதுவரை கண்டதைத்தான் அந்தத் தாளுக்குத் தெரியும். உங்களால் எது முடியும் என்பதை அது அளக்கவே இல்லை, அதற்குச் சாட்சி கையில் இருக்கிற பயோ ரிசல்ட். பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். எழுத மூன்று தடவைதான் இருக்கிறது, அதில் ஒன்றைப் புதுப் பிரிவில் முதலிலிருந்து தொடங்கிச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, என்ன செய்யலாம்? சித்த மருத்துவ பீடம் உங்கள் பக்கத்திலேயே கோணேசபுரியில் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, பிறகு உள்ளகப் பயிற்சி. அங்கே படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, குணபாடம் (மருந்துப் பொருள்களின் குணங்களைச் சொல்லும் பாடம்) எப்படிப் படிக்கிறார்கள், எதை மனப்பாடம் செய்யவேண்டும், எந்தப் பாடத்தில் அலுத்துப்போனது என்று கேளுங்கள், நோட்ஸையும் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். விவசாயத்துக்கு, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்குப் போய் இதையே செய்யுங்கள். அரை நாள் அங்கே நின்றாலே உங்களுக்கு ஒத்துவருமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விண்ணப்பத்தில், கிடைக்காதோ என்ற பயத்தில் படிப்புகளின் வரிசையை மாற்றாதீர்கள். மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் புள்ளி போதுமான முதல் படிப்பைத்தான் தருவார்கள், ஆகவே அதிகம் விரும்புவதே முதலில் இருக்கட்டும்.

இரண்டு இடத்துக்கும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் நேரில் பார்க்கட்டும்.