தினமும் பயன்படுத்த எடை குறைந்த குழந்தைத் தள்ளுவண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து மாதக் குழந்தை, முதல் மாடியில் வீடு, கடைக்கும் கோயிலுக்கும் தினமும் போய்வர எடை குறைந்த வண்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தில் லிஃப்ட் இருப்பதாகச் சொல்லவில்லை. கார் இருப்பதாகவும் சொல்லவில்லை. ஆகவே எங்களைப் போலப் படியிறங்கி, தெருவில் நடந்து, பேருந்திலோ ஆட்டோவிலோ ஏறுகிறவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், நம் ஊர்த் தெருக்களுக்கு ஸ்ட்ரோலர் எல்லாம் வீண் பகட்டு, நாம் எல்லோரும் இடுப்பில் தூக்கி வளர்க்கப்பட்டவர்கள்தாம் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறோம். நான் தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ரயிலேறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பகல் முழுவதும் என் மகளைப் பார்த்துக்கொள்கிறவர் என் அத்தை, அதாவது கணவரின் தாயார். அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. வலது முழங்காலில் தேய்மானம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து மாதத்தில் பெண் குழந்தையின் சராசரி எடை ஏறக்குறைய 8.5 கிலோ, ஆண் குழந்தைக்கு 9.2 கிலோ. அந்த எடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் காய்கறிப் பையுடன், வெயிலில் நடந்து வந்து மாடியேறுகிறவரின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் தூக்கி வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை, என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்த அறிவுரையை வழங்குகிறவர்கள் பெரும்பாலும் தூக்குகிறவர்களாக இருப்பதில்லை.

மகள் பிறந்தபோது துபாயிலிருந்து வந்த நாத்தனார் ஒரு பெரிய வண்டியை அன்போடு கொண்டு வந்தார். நல்ல வண்டி அது. முதுகுப் பகுதி முழுவதுமாகப் படுக்கையாகத் தாழும். தானாக உட்கார முடியாத குழந்தைக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, அப்படித் தாழ்வது அவசியம். வீட்டுக் கூடத்தில் மகளைத் தூங்க வைக்க இன்றும் அதுதான். ஆனால் அதன் எடை 12 கிலோ. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தை அதைக் கீழே இறக்க வழியே இல்லை. என் கணவர் வீட்டில் இருந்தால்தான் குழந்தை தெருவைப் பார்க்கும் என்ற நிலை. எனவே இரண்டாவதாக ஒரு சிறிய வண்டி வாங்க முடிவெடுத்தபோது, ஒரு குழந்தைக்கு இரண்டு வண்டியா என்று உறவில் பேசாதவர் இல்லை. உங்களுக்கும் யாராவது அப்படிச் சொல்லக்கூடும்.

நம் ஊர்களில் தள்ளுவண்டியைத் தள்ளும் நேரத்துக்குக் குறையாமல் தூக்கும் நேரமும் உண்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி, வாசற்படி, சாக்கடைப் பாலம், பேருந்துப் படி, ரயில் பெட்டியின் செங்குத்தான படி என்று ஒவ்வோர் இடத்திலும் அது மடங்கிக் கைக்கு வந்தாக வேண்டும். விளம்பரங்கள் விமானத்தின் மேல்தட்டில் வைக்கலாம் என்பதையே பெரிதாகச் சொல்கின்றன. நமக்கு வேண்டியது நகரப் பேருந்தில் இருக்கைக்குப் பக்கத்தில் யார் காலையும் இடிக்காமல் அடங்குவது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால் அத்தை மருத்துவரிடம் போவதும் அதில்தான். மடித்த வண்டி நடைவழியை அடைத்தால் நடத்துனரோடு தினமும் வாக்குவாதம்தான்.

எடையைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதையோ அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதையோ அப்படியே ஏற்காதீர்கள். நான் தஞ்சாவூரில் ஒரு கடையில் பார்த்த வண்டியின் பெட்டியில் ஐந்தரை கிலோ என்று இருந்தது. கையில் தூக்கியபோது நம்ப முடியவில்லை. பக்கத்து மளிகைக் கடையின் எடைமேடையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனையாளருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் எடுத்து வந்தார். 7 கிலோ 100 கிராம் காட்டியது. வெயில் மறைப்பு, அடிக்கூடை, முன்புறத் தடுப்புக் கம்பி ஆகியவற்றைக் கழற்றிய நிலையில் உள்ள எடையை அச்சிடும் வழக்கம் உண்டு என்று அவரே பிறகு விளக்கினார். இந்த மூன்றும் இல்லாமல் யார் குழந்தையை வெளியே கூட்டிச் செல்கிறார்கள்? எல்லாவற்றையும் பொருத்தி, 6 முதல் 7 கிலோவுக்குள் வரும் வண்டி நமக்குப் போதும் என்பது என் தீர்மானம். அதற்கும் குறைத்தால் பெரும்பாலும் சக்கரத்திலும் சட்டத்திலும்தான் கை வைக்கிறார்கள்.

மடங்கும் முறையில் இரண்டு வகை உண்டு. குடையைப் போல நீளமாக ஒடுங்கும் வகை தோளில் மாட்டிக்கொள்ள வசதியானது. இந்த வகையை உருவாக்கியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைப்பதில் பங்கெடுத்தவர். தன் மகள் பயணத்தில் கனமான வண்டியோடு பட்ட சிரமத்தைப் பார்த்து, 1965-இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டியை உருவாக்கிக் காட்டினார். எடை குறைந்த வண்டி என்றால் பொம்மை வண்டி என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் இந்த வகையில் கைப்பிடிகள் இரண்டாகத் தனித்தனியே இருக்கும்; இரண்டு கையும் வேண்டும். வெயிலுக்கோ மழைக்கோ ஒரு கையில் குடை பிடிக்க வேண்டிய ஊரில் அது கஷ்டம். ஆகவே நான் இரண்டாவது வகையை, ஒரே நீளக் கைப்பிடியுடன் சிறு பெட்டியளவுக்கு மடங்குவதை எடுத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரே கையால் மடிக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவது கணக்கில் சேராது. அவர் இடுப்பில் குழந்தை இல்லை.

அடுத்தது சக்கரம். இதில்தான் நம் பகுதிக்கென்று சில விஷயங்கள் உள்ளன. கடைகளின் வழவழப்பான தரையில் எல்லா வண்டியும் அழகாக ஓடும். நான்கு அங்குலச் சிறு பிளாஸ்டிக் சக்கரம் சாக்கடை மூடிப் பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் இறங்கி நின்றுவிடும். குழந்தை முன்னால் சரியும். முன்சக்கரம் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்சக்கரம் திரும்பாமல் நேராகப் பூட்டும் விசையும் இருக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் அதைப் பூட்டினால்தான் ஆட்டம் அடங்கும். மேடு வந்தால் பின்சக்கர அச்சைக் காலால் மிதித்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். அப்படி அழுத்தும்போது கைப்பிடியில் தளர்ச்சி தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

என் பிறந்த வீடு ஆடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம். குறுவை அறுவடைக் காலத்தில் அங்கே தார்ச்சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், ஓரமெல்லாம் வைக்கோல். அந்த வைக்கோல் இழைகள் சிறு சக்கரத்தின் அச்சில் சுற்றி இறுகிக்கொள்ளும். தலைமுடியும் நூலும் சேர்ந்துகொண்டால் சக்கரம் சுழலாமல் இழுபடும். ஆகவே ஒரு பொத்தானை அழுத்தினால் முன்சக்கரம் தனியே கழன்று வரும் வண்டியாகப் பாருங்கள். கழற்றி, சேற்றையும் வைக்கோலையும் எடுத்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து மாட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தையும் தாங்கும். ஆணி போட்டு இறுக்கிய சக்கரத்தில் இதைச் செய்ய முடியாது.

எடை குறைந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு, அதை மறைத்து எழுதக் கூடாது. கைப்பிடியில் பையை மாட்டினால் அது பின்பக்கமாகச் சாயும். குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி மல்லாந்து விழும். காய்கறியை அடிக்கூடையில்தான் வைக்க வேண்டும், அதிலும் குறிப்பிட்ட எடைக்கு மேல் கூடாது. பெல்ட் ஐந்து முனை உடையதாக இருக்கட்டும்: இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று. நடுப்பட்டை இல்லாவிட்டால் தூங்கும் குழந்தை கீழே வழுக்கிவிடும். பிரேக் ஒரே மிதியில் இரு பின்சக்கரங்களையும் பிடிக்க வேண்டும். குளத்தங்கரை, ஆற்றங்கரைச் சரிவுகளில் அதைப் போடாமல் கையை எடுக்கவே கூடாது. விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையின் கை கீல் பக்கம் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன அதே மக்லாரன் பெயரிலான வண்டிகளில் ஏறக்குறைய 10 லட்சத்துக்கு, கீலில் குழந்தைகளின் விரல் நுனிகள் துண்டானதாகப் புகார்கள் வந்ததால், 2009-இல் அமெரிக்காவில் பாதுகாப்பு உறைகள் வழங்கப்பட்டன. பெயர் பெற்ற வண்டியும் இதற்கு விலக்கல்ல. பெட்டியில் ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தரநிலை குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கும், இரண்டாம் பகுதி 22 கிலோ வரைக்குமானது.

இவ்வளவு எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி நன்றாக இருந்தும் அத்தை சாலையின் நடுவே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நடைபாதை என்று போட்ட இடத்தில் கடைப்பலகைகளும் இரு சக்கர வண்டிகளும் நிற்கின்றன. அது இல்லாத இடத்தில் மூடியில்லாத சாக்கடை. ஒரு குழந்தை வண்டி போக முடியாத தெருவில் சக்கர நாற்காலியும் போக முடியாது. திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் வரும் ஊரில் இதைக் கேட்பது பகட்டு ஆகாது.

சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் குழந்தையை வண்டியில் கொண்டு போகாதீர்கள். வெயில் படாமலிருக்கத் துணியைப் போர்த்தி மூடுவது இன்னும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். வெயில் மறைப்பு முழங்கால் வரை நீளுவதாகவும், பின்பக்கம் வலைத்துணி உடையதாகவும் இருந்தால் போதும்.

இப்படிப்பட்ட வண்டிகள் மூவாயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் கிடைக்கின்றன. தெரிந்தவர் வீட்டில் பயன்படுத்தியதும் சரிதான், கீலும் பிரேக்கும் பெல்ட்டும் உறுதியாக இருந்தால். நான் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை, அதனால் வாங்கிய வண்டியின் பெயரையும் எழுதவில்லை. வாங்கப் போகும்போது, தினமும் அதைத் தூக்கப் போகிறவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டில் அது அத்தை. அவர் உயரத்துக்குக் கைப்பிடி தோளருகே வந்த ஒரு வண்டியை அவரே வேண்டாம் என்றார். அவர் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்து, இது முடியும் என்று சொன்னதைத்தான் வாங்கினோம்.