கையில் போட்ட லைனும் அதன் பின் வரும் தொல்லைகளும்: கேள்வி பதில்

ஐ.சி.யூ.வில் இருந்து வீடு திரும்பியவர்களின் மணிக்கட்டு நாடியில் போட்ட மெல்லிய குழாயை, அதாவது லைனைப் பற்றி இத்தனை கேள்விகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. மயக்க மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கையைப் பார்க்காமல் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். விரல்கள் இப்போது வெளிறியோ நீலமாகவோ குளிர்ந்தோ இருக்கிறவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நல்லூரில் இருந்து ஒரு மகள்: அப்பாவுக்குச் சேலைன் ஏற்ற ஒரு கையில் ஊசி இருக்கும்போது, மற்றக் கை மணிக்கட்டில் இன்னொன்று எதற்கு?

சேலைன் போவது நாளத்தில். மணிக்கட்டில் இருப்பது நாடியில், பெருவிரல் பக்கம் துடிக்குமே, அதற்குள். அதைத்தான் ஆர்ட்டீரியல் லைன் என்கிறோம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்த அழுத்தத்தைத் திரையில் காட்டும். ஆளைத் திரும்பத் திரும்பக் குத்தாமல் இரத்தம் எடுக்கவும் உதவும். அதன் வழியாக மருந்து எதுவும் ஏற்றக் கூடாது. குழாயில் சிவப்பு அடையாளம் இருப்பது அதனால்தான்.

சாவகச்சேரியில் இருந்து: லைனைக் கழற்றி நான்கு நாட்கள் ஆகின்றன. ஐயாவின் மணிக்கட்டில் நாடித்துடிப்பே தெரியவில்லை. கை சூடாக இருக்கிறது, விரல்களை மடக்குகிறார். பயப்பட வேண்டுமா?

கை சூடாக, நிறம் சரியாக, அசைவு சரியாக இருந்தால் பயம் வேண்டாம் தம்பி. லைன் போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த நாடி தற்காலிகமாக அடைபடுகிறது. உள்ளே விட்ட மெல்லிய குழாயான கனுலாவைச் சுற்றி இரத்தம் உறைவதுதான் காரணம். பலருக்கு அது தெரியவே வராது. சின்னவிரல் பக்கம் இன்னொரு நாடி ஓடுகிறது, இரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைகின்றன. ஒன்று அடைத்தால் மற்றது கையைக் காப்பாற்றிவிடும். நிரந்தரச் சேதம் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அடைப்பு பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ தானாகத் திறக்கும்.

நகத்தை அழுத்தி வெளிறச் செய்து விடுங்கள். இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துடிப்பைத் தேடிக்கொண்டிருப்பதைவிட இது பயனுள்ளது. ஏனென்றால் நாடி மேலே அடைத்திருந்தாலும் உள்ளங்கை வழியாகப் பின்னோக்கி வரும் இரத்தம் மணிக்கட்டில் துடிக்கலாம்! துடிப்பு இருக்கிறது என்பதாலேயே நாடி திறந்திருக்கிறது என்று ஆகாது.

இதற்கு மருந்து தேவையில்லை. அடுத்த கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

மருத்துவ பீட மாணவி: லைன் போடுவதற்கு முன் அலன் சோதனை செய்தால் இதெல்லாம் தவிர்க்கலாம் அல்லவா?

மணிக்கட்டின் இரண்டு நாடிகளையும் அழுத்தி, ஒன்றை மட்டும் விட்டுக் கையின் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அலன் சோதனை. அலன் 1929இல் அதை விவரித்தது இரத்தக்குழாய் நோய் ஒன்றைக் கண்டறிய. லைன் போடுவதற்காக அல்ல. சோதனை நன்றாக இருந்தும் விரல் கெட்டவர்கள் உண்டு, சரியில்லாமலிருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் ஏராளம். செய்வதில் தவறில்லை மகள். செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் தவறு. லைன் இருக்கும் வரை ஒவ்வொரு பணிமுறையிலும் விரல்களைப் பார்ப்பதே உண்மையான சோதனை.

தாதிய உத்தியோகத்தர் ஒருவர்: இரவுக் கடமையில் லைன் இருக்கும் கையின் விரல்கள் திடீரென்று வெளிறிக் குளிர்ந்தால் முதலில் என்ன செய்வது?

முதலில் மற்றக் கையைத் தொடுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் பிரச்சினை ஆளின் இரத்த ஓட்டத்தில். ஒன்று மட்டும் என்றால் அந்த லைனில். கட்டு, பலகை எல்லாவற்றையும் அவிழ்த்து விடுங்கள். மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்துப் பலகையில் கட்டி மறந்துவிடுகிற பழக்கம் எனக்கு எரிச்சலூட்டும். அது நரம்பையும் இழுக்கும். வைத்தியரைக் கூப்பிடுங்கள். லைனைக் கழற்ற வேண்டியிருக்கும். அழுத்தம் பார்க்க வேறு இடம் தேடலாம். அடைத்த லைனை ஊசியால் வலுவாகத் தள்ளித் திறக்கப் பார்க்காதீர்கள், உறைந்த இரத்தக்கட்டி பின்னோக்கிப் போய் மூளையை எட்டலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தவறுதலாக அந்த லைனில் மருந்து ஏற்றப்பட்டு, நோயாளி கை எரிகிறது என்று கத்தினால் கனுலாவைக் கழற்ற வேண்டாம். மருந்து ஏற்றுவதை நிறுத்துங்கள், கனுலாவை அப்படியே விடுங்கள். குழாயை விரிக்கும் மருந்தை அதே வழியால் கொடுக்க வைத்தியர் விரும்பலாம்.

அதன் பின் வருவது வைத்தியரின் வேலை. குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நோர்அட்ரினலின் அளவைக் குறைக்க முடியுமா, உடலில் நீர் போதுமா என்று பார்ப்பார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் அடைப்பு எங்கே என்று தெரியும். இரத்தம் கசியும் ஆபத்து இல்லாவிட்டால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் தொடங்கலாம். அடைப்பு இல்லாமல் நாடி வெறுமனே சுருங்கியிருந்தால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி குழாய்களை விரிக்கும். இவற்றுக்கும் கை மசியாவிட்டால் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் நாடியைத் திறந்து இரத்தக்கட்டியை எடுப்பார். தசை ஏறத்தாழ ஆறு மணித்தியாலம்தான் தாங்கும். காலை ரவுண்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுடுதண்ணீர்ப் பையும் வேண்டாம். உணர்வில்லாத, இரத்தம் ஓடாத தோல் சட்டென்று வெந்துவிடும். உடம்பு முழுவதையும் போர்த்திச் சூடாக்குங்கள்.

கோண்டாவிலில் இருந்து: லைன் எடுத்து மூன்று வாரத்தில் மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம், துடிக்கிறது. கட்டியென்று சொல்லிப் பற்றுப் போடலாம் என்கிறார்கள்.

பற்றும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். துடிக்கும் வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் நாடியையே கீறியதாகும். நாடிச் சுவரில் இருந்த துளை மூடாமல், கசியும் இரத்தம் வெளியே ஒரு பை கட்டிக்கொள்வது இது. ஸ்கான் செய்தால் உறுதியாகிவிடும். சிறிதென்றால் ஸ்கானைப் பார்த்தபடி அழுத்தியோ, இரத்தத்தை உறைய வைக்கும் துரொம்பின் ஊசியை அந்தப் பைக்குள் செலுத்தியோ உறைய வைக்கலாம். பெரிதென்றால் சத்திரசிகிச்சை. காய்ச்சல், சிவப்பு, சீழ் இருந்தால் கதை வேறு: கிருமி புகுந்த நாடி வெடிக்கலாம். இன்றே போங்கள். அப்போது அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். மற்ற நாடி நன்றாக ஓடினால் இதைக் கட்டிவிடவும் செய்வார்கள்.

பருத்தித்துறையில் இருந்து: இடம் முழுக்கக் கன்றிப்போய்ப் பச்சை மஞ்சளாக இருக்கிறது.

ஆறுகிற நிறம்தான் அது. வீக்கம் பெருத்தாலோ, பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்தாலோ, விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

நெடுந்தீவில் இருந்து: அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இரவில் கை குளிர்ந்தால் படகுக்கு என்ன செய்வோம்?

படகுக்காக விடியும் வரை வீட்டில் இருக்காதீர்கள். முதலில் தீவிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள், அனுப்புகிற ஏற்பாட்டை அவர்கள் செய்வார்கள். கரையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது. கை எப்போது குளிர்ந்தது என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள், சத்திரசிகிச்சை நிபுணர் கேட்கும் முதற்கேள்வி அதுதான்.

அதே வீட்டில் இருந்து: ஐயா சுருட்டுக் கேட்கிறார். அவருக்கும் போன மாதம் லைன் போட்டார்கள்.

கொடுக்காதீர்கள். நிக்கொட்டின் குழாய்களைச் சுருக்கும். யாழ்ப்பாணத்துப் புகையிலையின் பெருமையை அவரிடம் வேறொரு நாள் பேசுவோம்.

கனடாவில் இருந்து: யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவுக்குக் கிருமித் தொற்று முற்றிய பின் இரண்டு கை விரல்களும் கால் விரல்களும் நுனியில் கறுத்துவிட்டன. லைன் போட்டதால்தானா? ஏன் வெட்டாமல் காத்திருக்கிறார்கள்?

லைன் ஒரு கையில்தானே இருந்தது? நான்கிலும் கறுத்திருந்தால் இரத்த அழுத்தம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலையும், உயிரைக் காக்கக் கொடுத்த நோர்அட்ரினலினும் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உலர்ந்த கறுப்பை அவசரப்பட்டு வெட்டுவதில்லை. இறந்ததற்கும் உயிருள்ளதற்கும் இடையில் கோடு தெளிவாக விழ வாரங்கள் ஆகும். முந்தி வெட்டினால் பிழைக்கக்கூடிய சதையும் போகும். ஈரமாகி, நாற்றமடித்து, காய்ச்சல் வந்தால் காத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, சிறுநீரக நோயாளி ஒருவர்: எனக்கு எந்தக் கையில் லைன் போடச் சொல்ல வேண்டும்?

டயாலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் சேர்க்கும் இணைப்பு பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையின் மணிக்கட்டில்தான் செய்யப்படும், அதற்குத் தேவை இதே நாடி. ஆகவே அந்தக் கையைத் தொட வேண்டாம் என்று அனுமதிக்கும்போதே சொல்லுங்கள். உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள். லைன் போடும் நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் இருக்கலாம்.